சிம்லிங்க் உடைந்தால் ஆரில பிழை?

“வின்டோஸ்ல இருந்து ஆரோ கொமிட் பண்ணி எல்லாத்தையும் உடைச்சுப்போட்டினம்.”

கிட் பாவித்துக் குழுவாக வேலை செய்கிற இடங்களில் இந்த வசனம் எப்போதாவது ஒருநாள் காதில் விழும். என்ன உடைந்தது என்று தேடிப் போனால் அங்கே ஒரு சிம்லிங்க் கிடக்கும். உடைத்தவர் என்று காட்டப்படுபவர், நாங்கள் பார்த்த வரையில், குழுவுக்குப் புதிதாக வந்த ஒருவராக இருப்பார். அல்லது சொந்தமாக நல்ல லப்டொப் இல்லாமல், வீட்டில் அண்ணாவின் பழைய மெஷினிலோ கம்பஸ் லாப்பிலோ இருந்து வேலை செய்கிறவராக இருப்பார். அந்த வசனம் மரியாதை இல்லாதது மட்டுமில்லை, தொழில்நுட்ப ரீதியாகவே பிழை என்பதுதான் எங்கள் கருத்து. அதை விளங்கப்படுத்த, ரெண்டு பிராஞ்சை மேர்ஜ் பண்ணும்போது கிட் ஒரு சிம்லிங்கை என்ன செய்கிறது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். கோட் எழுதாத ஆக்களும் வாசிக்கலாம். கட்டளைகள் கொஞ்சம் வரும், பயப்பிடத் தேவையில்லை.

பூட்டின கடை ஒன்றின் கதவில் ஒட்டியிருக்கும் துண்டை யோசித்துப் பாருங்கள். “கடை இடம் மாறியுள்ளது. பஸ் நிலையத்துக்கு முன்னால் வரவும்.” அந்தத் துண்டில் அரிசியும் இல்லை, பருப்பும் இல்லை. வேறு ஓர் இடத்தின் விலாசம் மட்டும்தான் இருக்கிறது. சிம்லிங்க் அந்தத் துண்டு. ஒரு புரோகிராம் அந்தப் பெயரைத் திறந்தால், ஒபரேட்டிங் சிஸ்டம் துண்டை வாசித்து, அது சொல்கிற இடத்துக்குப் போய், அங்கே இருக்கிற பைலை எடுத்துக் கொடுக்கும். தான் வேறு எங்கேயோ கொண்டுபோகப்பட்டது புரோகிராமுக்குத் தெரியவே தெரியாது. 1980களின் தொடக்கத்தில் பேர்க்லி பல்கலைக்கழகத்தின் பிஎஸ்டி யூனிக்ஸ் வழியாகப் பரவிய வசதி இது. ஒரே பைல் ரெண்டு இடத்தில் தேவைப்படும்போது, கொப்பி அடிக்காமல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடத்தில் துண்டு ஒட்டிவிடலாம். லினக்ஸ் கேர்னலின் மூலக்கோடுக்குள்ளேயே இப்படிச் சிம்லிங்குகள் இருக்கின்றன. ஆகவே இது கெட்ட பழக்கம், தெரியாத ஆக்கள் செய்கிற வேலை என்று ஆரும் சொல்ல முடியாது.

2005இல் லினஸ் டொர்வால்ட்ஸ் தொடங்கிய கிட், ஒவ்வொரு பைலோடும் ஓர் எண்ணையும் பதிந்து வைக்கும். சாதாரணப் பைல் என்றால் 100644. ஓடக்கூடிய ஸ்கிரிப்ட் என்றால் 100755. சிம்லிங்க் என்றால் 120000. இந்த 120000ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரும். சிம்லிங்கின் உள்ளடக்கமாகக் கிட் சேமிப்பது அந்தத் துண்டில் எழுதியிருக்கிற விலாசத்தை மட்டும்தான். அந்த விலாசத்தில் உண்மையாக ஏதாவது இருக்கிறதா, இருந்தது நேற்று இடம் மாறிவிட்டதா என்று அது பார்க்காது.

சிலர் இதைக் கிட்டின் குறை என்கிறார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. கிட்டின் சொந்தக் கையேடே தன்னை ‘முட்டாள் உள்ளடக்கத் தடங்காணி’ என்றுதான் அறிமுகப்படுத்துகிறது. விலாசம் ரெப்போவுக்கு வெளியே இருக்கலாம். புரொஜெக்டை பில்ட் பண்ணின பிறகுதான் அந்தப் பைலே உருவாகலாம். இதையெல்லாம் கிட் ஊகிக்க வெளிக்கிட்டால் அது வேறு விதமான தலையிடி. தனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரிக் காட்டாமல் இருக்கிறது, அவ்வளவுதான். பிரச்சினை எங்கே தொடங்குகிறதென்றால், “மேர்ஜ் முடிஞ்சுது, கொன்பிளிக்ட் இல்லை” என்று அது சொல்வதை “எல்லாம் சரி” என்று நாங்கள் மொழிபெயர்த்துக்கொள்ளும் இடத்தில்.

ஒரு சின்ன இணைய சஞ்சிகையை எடுத்துக்கொள்வோம். நாலைந்து பேர் சேர்ந்து நடத்துகிறார்கள். ஒவ்வொரு இதழுக்கும் ஒரு போல்டர். ‘நடப்பு’ என்று ஒரு சிம்லிங்க், அது 12ஆம் இதழின் போல்டரைக் காட்டுகிறது. இணையத்தளத்தின் முன்பக்கம் ‘நடப்பு’ என்ற பெயரைத்தான் வாசிக்கிறது. ஒருவர் தன் பிராஞ்சில் அதை 13ஆம் இதழுக்குத் திருப்புகிறார். அதே கிழமை இன்னொருவர் தன் பிராஞ்சில் அதைச் சிறப்பிதழுக்குத் திருப்புகிறார். இப்போது மேர்ஜ்.

இது சாதாரணப் பைலாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று தெரியும். கிட் ரெண்டு பேரின் வரிகளையும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகப் போட்டு, மேலும் கீழும் அம்புக்குறிகளும் சமன் அடையாளங்களுமாக வேலி கட்டி, “நீங்களே பார்த்துத் தீருங்கோ” என்று விட்டிருக்கும். சிம்லிங்குக்குள் அப்படி வேலி கட்ட முடியாது. பாதி விலாசத்தை இவரிடமும் பாதியை அவரிடமும் எடுத்து ஒட்டினால் அது எந்த இடத்துக்குமான விலாசம் இல்லை. ஆகவே கிட் கொன்பிளிக்ட் என்று ஒரு வரியில் அறிவித்துவிட்டு, உங்கள் பக்கத்து இணைப்பை அப்படியே போல்டரில் வைத்துவிடும்.

கவனியுங்கள், இதிலதான் ஆபத்து. கொன்பிளிக்ட் என்றால் எங்களில் கனபேர் செய்வது அம்புக்குறிகளைத் தேடுவது. எடிட்டரில் தேடிப் பார்த்தால் ஒன்றும் அகப்படாது. ‘நடப்பு’வைத் திறந்தால் 13ஆம் இதழ் அழகாக வருகிறது. “என்னவோ தானா சரியாப்போச்சு” என்று ‘கிட் அட்’டோடு ஒரு புள்ளியைப் போட்டுக் கொமிட் பண்ணினால் முடிந்தது. மற்றவரின் மாற்றம் சத்தமில்லாமல் போய்விட்டது. அவர் எழுதின வரி எதுவும் அழிந்ததாக எங்கேயும் காட்டாது. அவர் ரெண்டு நாள் கழித்துத் தளத்தைப் பார்த்து, “நான் செய்ததை ஆர் மாத்தினது?” என்று கேட்பார்.

செய்யவேண்டியது கஷ்டமான வேலை இல்லை. ‘கிட் எல்எஸ்-பைல்ஸ்’ என்ற கட்டளையோடு சின்ன ‘யு’வைச் சேர்த்துக் கேட்டால், தீராத பைல்கள் மட்டும் மூன்று மூன்று வரியாக வரும். 1 என்பது ரெண்டு பிராஞ்சும் பிரிவதற்கு முன் இருந்தது, 2 உங்களுடையது, 3 வருகிறவருடையது. வரியின் முன்னால் 120000 இருந்தால் அது சிம்லிங்க், அம்புக்குறி தேடிப் பிரயோசனம் இல்லை. ‘கிட் மேர்ஜ்டூல்’ என்று கொடுத்தால் அது ரெண்டு விலாசத்தையும் காட்டி, உள்ளூரா வெளியூரா என்று நேரடியாகவே கேட்கும். ரீபேஸ் பண்ணும்போது மட்டும் தலைகீழ். அங்கே ‘எங்களுடையது’ என்று கிட் சொல்வது நீங்கள் போய் ஏறுகிற பிராஞ்சை. உங்கள் கொமிட் ‘அவர்களுடையது’ ஆகிவிடும். இந்தப் பெயரை வைத்தவரோடு எங்களுக்கு ஒரு சின்னக் கோபம் இருக்கிறது. எது எப்படியோ, கடைசியில் எந்த இதழ் முன்பக்கத்துக்கு வரவேண்டும் என்பது கிட்டிடம் கேட்கிற கேள்வி இல்லை. அந்த ரெண்டு பேரும் போனில் கதைக்க வேண்டிய விஷயம்.

இன்னொரு விதமான உடைவில் கொன்பிளிக்டே வராது. ஒருவர் போல்டர்களின் பெயர்களை ஒழுங்குபடுத்துகிறார், ‘படங்கள்’ என்று இருந்ததை ‘ஊடகம்’ என்று மாற்றுகிறார். அதே நேரம் இன்னொரு பிராஞ்சில் ஒருவர் ‘படங்கள்’ போல்டரில் உள்ள அட்டைப் படத்துக்கு ஒரு சிம்லிங்க் போடுகிறார். ரெண்டு பேரும் ஒரே பைலைத் தொடவில்லை. மேர்ஜ் சுத்தமாக முடியும். போல்டர் பெயர் மாறினதைக் கண்டுபிடித்து, பழைய போல்டருக்குள் மற்றவர் போட்ட புதுப் பைலைப் புது இடத்துக்குக் கொண்டுபோகக் கிட் முயலும், அந்தளவுக்குக் கெட்டிக்காரன். ஆனால் துண்டுக்குள் எழுதியிருக்கிற விலாசத்தில் அது கை வைக்காது. அது இல்லாத போல்டரைக் காட்டிக்கொண்டே இருக்கும். சிம்லிங்கையே வேறு போல்டருக்கு நகர்த்தினாலும் இதே கதிதான், ஏனென்றால் “அடுத்த ஒழுங்கையில ரெண்டாவது வீடு” என்ற விலாசம் நீங்கள் எந்த ஒழுங்கையில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதற்காக முழு விலாசத்தையும் எழுதினால் இன்னும் மோசம். ‘ஹோம்’ போல்டரில் தொடங்கி உங்கள் பெயரையும் சேர்த்து எழுதின விலாசம் உங்கள் மெஷினில் மட்டும்தான் செல்லுபடியாகும். “அம்மம்மா வீட்டுக்குப் பின்னால” என்று வெளியூர் ஆளுக்கு வழி சொன்ன மாதிரி.

இந்த ரெண்டிலும் வின்டோஸ் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எல்லாரும் லினக்ஸ் பாவித்தாலும் இவை நடக்கும்.

சரி, வின்டோஸுக்கு வருவோம். அதில் சிம்லிங்க் வசதியே இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். விஸ்டா காலத்திலிருந்தே இருக்கிறது. ஆனால் அதை உருவாக்க அட்மின் அனுமதி வேண்டும் என்று மைக்ரோசொஃப்ட் வைத்திருந்தது. 2017இல் வின்டோஸ் 10இல், ‘டெவலப்பர் மோட்’டைப் போட்டுவிட்டால் அட்மின் இல்லாமலும் உருவாக்கலாம் என்று தளர்த்தினார்கள். டெவலப்பர் மோட்டைப் போடுவதற்கே அட்மின் அனுமதி வேண்டும் என்பது தனிப் பகிடி. கம்பஸ் லாப்பிலும் வேலைத்தலத்து மெஷினிலும் இருக்கிறவருக்கு அது கிடையாது. போதாததுக்கு, வின்டோஸுக்கான கிட்டை இன்ஸ்டோல் பண்ணும்போது வருகிற சிம்லிங்க் பெட்டியில் டிக் போடாமல்தான் வரும். எல்லாத்துக்கும் ‘நெக்ஸ்ட்’ அமத்துகிற எங்களுக்கு அது கண்ணில் படாது.

அப்படியான மெஷினில் ஒரு ரெப்போவை குளோன் பண்ணினால், கிட் முதலில் சிம்லிங்க் உருவாக்க முடிகிறதா என்று பரிசோதிக்கும். முடியாவிட்டால் ‘கோர்.சிம்லிங்க்ஸ்’ என்ற செட்டிங்கை நிறுத்தி வைத்துவிட்டு, ஒவ்வொரு சிம்லிங்குக்கும் பதிலாக அதே பெயரில் ஒரு சின்ன டெக்ஸ்ட் பைலை வைக்கும். உள்ளே ஒரே ஒரு வரி, அந்த விலாசம். திரையில் ஓர் எச்சரிக்கையும் வராது. நியாயமாகச் சொன்னால் கிட் இந்த இடத்தில் கவனமாகத்தான் இருக்கிறது. உள்ளுக்குள் 120000 என்ற எண்ணை மறக்காமல் வைத்திருக்கும். அந்தப் பைலைத் தொடாமல் மற்ற வேலைகளைச் செய்து கொமிட் பண்ணினால் ஒன்றும் உடையாது.

தொட்டால்தான் வினை. புதிதாக வந்த ஒரு பிள்ளை ஒரு கட்டுரையைத் திருத்த வருகிறார் என்று வையுங்கள். பைலைத் திறந்தால் கட்டுரை இல்லை. ரெண்டு புள்ளி, ஒரு சாய்கோடு, ஏதோ போல்டர் பெயர், அவ்வளவுதான். “ஐயோ, ஆரோ கட்டுரையை அழிச்சுப்போட்டினம் போல” என்று நினைத்து, நல்ல மனதோடு, முழுக் கட்டுரையையும் தேடி எடுத்து அதில் ஒட்டிச் சேமிக்கிறார். கிட்டுக்கோ அது இன்னும் 120000தான். ஆகவே 1500 சொல் கட்டுரை முழுவதும் இப்போது ஒரு விலாசம்! லினக்ஸ் மெஷினில் அதை எடுக்கப் போனால் “பெயர் அளவுக்கு மிஞ்சி நீளம்” என்ற பிழைச்செய்தி வரும். கட்டுரையை ஒட்டாமல், சும்மா திறந்து பார்த்துச் சேமித்தால்கூடச் சில எடிட்டர்கள் கடைசியில் ஒரு புதுவரியைத் தாமாகப் போடும். அந்தக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் விலாசத்தில் சேர்ந்துவிடும். பிறகு இணைப்பு எங்கேயும் போகாது. ஏன் போகவில்லை என்று கண்டுபிடிக்க ஒரு பின்னேரம் தேவை.

ஆனால் எங்களைக் கூடுதலாகப் பயமுறுத்துவது இந்த உடைவுகள் இல்லை. இவை உடனே தெரிந்துவிடும், பிழைச்செய்தி வரும், ஆரோ ஓடிவந்து திருத்துவார்கள். தெரியாமலே உடைவது வேறு ஒன்று. இணையம் சரியில்லாத இடங்களில் நாங்கள் ரெப்போவைச் சிப் பண்ணி வொட்ஸ்அப்பிலோ பென்டிரைவிலோ கொடுத்து வாங்குகிறோம். இல்லையென்று சொல்லாதீர்கள். லினக்ஸில் உள்ள ‘சிப்’ கட்டளை, தனியாகச் சொல்லாவிட்டால், சிம்லிங்கைச் சிம்லிங்காக எடுக்காது. துண்டு காட்டுகிற இடத்துக்குப் போய், அங்கே உள்ள பைலையே கொப்பி பண்ணி உள்ளே போடும். பென்டிரைவ்களில் வழக்கமாக உள்ள பேட்32, எக்ஸ்பேட் முறைகளில் சிம்லிங்குக்கு இடமே இல்லை. இப்படி வந்து சேர்ந்த போல்டரைப் பழையதுக்குப் பதிலாக வைத்துவிட்டு, நல்ல லினக்ஸ் மெஷினிலேயே ‘கிட் ஸ்டேட்டஸ்’ கேட்டால் ‘டைப்சேஞ்ச்’ என்று ஒரு சொல் வரும். நூறு பைல் பட்டியலுக்குள் அந்தச் சொல்லை ஆர் பார்க்கிறது? கொமிட் பண்ணினால் 120000 போய் 100644 வந்துவிடும். இணைப்பாக இருந்தது தனிப் பைலாகிவிட்டது.

இப்போது மேர்ஜ். கிட் மூன்றை ஒப்பிடுகிறது. பிரிவதற்கு முன் சிம்லிங்க். மெயினில் இன்னும் அதே சிம்லிங்க், ஆரும் தொடவில்லை. வருகிற பிராஞ்சில் சாதாரணப் பைல். ஒரு பக்கம் மாறியிருக்கிறது, மறுபக்கம் மாறவில்லை, ஆகவே மாறினதை எடு என்பதுதான் விதி. கொன்பிளிக்ட் இல்லை. வேண்டுமென்று செய்ததா, தற்செயலாக நடந்ததா என்று பிரித்துப் பார்க்கக் கிட்டிடம் வழி இல்லை. மறுபக்கத்திலும் ஆராவது அதே இணைப்பைத் திருப்பியிருந்தால், இது வேறு வகைப் பைல் என்று சொல்லி, ஒன்றின் பெயருக்குப் பின்னால் பிராஞ்ச் பெயரை ஒட்டி ரெண்டையும் தனித்தனியாக வைத்திருக்கும். அப்போதாவது கண்ணில் பட்டிருக்கும். ஒரு பக்கம் சும்மா இருந்தால் தற்செயல்தான் வெல்லும்.

தளம் அன்றைக்கு நன்றாக வேலை செய்யும். ஏனென்றால் கொப்பியில் சரியான உள்ளடக்கம்தான் இருக்கிறது. நாலு மாதம் கழித்து, எழுதியவர் ஒருவர் தொடர்புகொள்கிறார். “என்ர பெயரைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கோ, வீட்டில கொஞ்சம் பிரச்சினை.” எங்கள் சூழலில் இப்படி ஒரு வேண்டுகோள் வருவது புதினமில்லை. ஆசிரியர் மூலப் பைலில் பெயரை எடுக்கிறார், “எடுத்தாச்சு” என்று பதில் போடுகிறார். ஆனால் முன்பு இணைப்பாக இருந்த இடத்தில் இப்போது இருப்பது பழைய கொப்பி. அந்தப் பக்கத்தில் பெயர் அப்படியே கிடக்கிறது. சிம்லிங்கை ஏன் போட்டோம்? ஒரு இடத்தில் திருத்தினால் எல்லா இடமும் திருந்தட்டும் என்று. அந்த வாக்குறுதி நாலு மாதத்துக்கு முன்பே, ஒரு சுத்தமான மேர்ஜில் செத்துப்போனது ஆருக்கும் தெரியாது. (கிட்டின் பழைய வரலாற்றிலும் பெயர் இருக்கும் என்பது உண்மை. அதை அழிப்பது தனிக் கட்டுரை.)

இப்போது கிட்டில் ‘பிளேம்’ என்றே ஒரு கட்டளை இருக்கிறது. பழி போடு என்றுதான் அர்த்தம், பெயரிலேயே வம்பு. அதையோ ‘கிட் லொக்’கையோ கேட்டால், இணைப்பைப் பைலாக்கிய கொமிட்டில் சிப் வாங்கி வேலை செய்த பிள்ளையின் பெயர் இருக்கும். சிப் பண்ணிக் கொடுத்தவரின் பெயர் இருக்காது. “இந்த ரெப்போவில சிம்லிங்க் இருக்கு, கவனம்” என்று ஒரு வரி எழுதாமல் விட்டவரின் பெயர் இருக்காது. மேர்ஜ் பட்டனை அமத்தியவர் மாற்றங்களைப் பார்க்காமலே அமத்தினார் என்பதும் இருக்காது. கிட்டின் வரலாறு உண்மையைத்தான் சொல்கிறது, ஆனால் நடந்ததில் கால்வாசியைத்தான் சொல்கிறது. அந்தக் கால்வாசியை வைத்துக்கொண்டு குழு வொட்ஸ்அப்பில் ஒரு பிள்ளையின் பெயரைப் போட்டுக் கேட்டால், அவர் திரும்பி வரமாட்டார். திருத்தப்படாத கட்டுரையை எப்பவும் திருத்தலாம், போன ஆளைக் கூப்பிடுவது அப்படியில்லை.

“அப்ப எல்லாரும் லினக்ஸ் போடுங்கோவன்” என்று சொல்கிறவர்கள் உண்டு. நாங்களும் லினக்ஸ் பக்கம்தான். ஆனால் வீட்டில் மூன்று பேர் பாவிக்கிற ஒரே லப்டொப்பில், தம்பியின் ஒன்லைன் வகுப்பும் அக்காவின் ஒபிஸ் வேலையும் ஓடுகிற மெஷினில், இன்னொரு ஒபரேட்டிங் சிஸ்டத்தைப் போடச் சொல்வது தீர்வில்லை. சிம்லிங்க் இல்லாமல் இருப்பதும் எப்போதும் குறை இல்லை. 2021 மார்ச்சில் கிட்டில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியானது, அதன் எண் சிவிஇ-2021-21300. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காத வின்டோஸ், மக் பைல் முறைகளில், சிம்லிங்கையும் எல்எஃப்எஸ் போன்ற வடிகட்டிகளையும் சேர்த்து வைத்துத் தயாரித்த ரெப்போவைக் குளோன் பண்ணினாலே எதிராளியின் ஸ்கிரிப்ட் ஓடக்கூடியதாக இருந்தது. 2024 மேயில் சப்மொடியூலையும் சிம்லிங்கையும் சேர்த்து வேறு ஒன்று, சிவிஇ-2024-32002. ரெண்டிலும், சிம்லிங்க் ஆதரவு நிறுத்தப்பட்டிருந்த மெஷின்களில் தாக்குதல் பலிக்காது. “உங்கட மெஷின்ல சிம்லிங்க் வேலை செய்யாதா?” என்று இளக்காரமாகக் கேட்கிறவர்கள் இதையும் அறிந்திருக்கலாம்.

மறுபக்கத்தில், சிம்லிங்கையே தடை செய்யவேண்டும் என்கிறார்கள். அதிலும் எங்களுக்கு உடன்பாடு இல்லை. எல்லாரிடமும் லினக்ஸோ மக்கோ இருக்கிற குழுவுக்கு அது சுகமான கருவி. எங்கள் நிலைப்பாடு இதுதான்: ரெப்போவுக்குள் ஒரு சிம்லிங்கைக் கொண்டுவருகிறவர்தான் அதன் பொறுப்பையும் கொண்டுவருகிறார். குழுவில் ஒருவராவது அதை உருவாக்க முடியாத மெஷினில் இருந்தால், முதலில் அது வேண்டுமா என்று அவர் கேட்க வேண்டும். எங்கள் உதாரணச் சஞ்சிகைக்கு ‘நடப்பு’ இணைப்பே தேவையில்லை. ஒரு செட்டிங் பைலில் ‘நடப்பு இதழ்: 12’ என்று ஒரு வரி போதும். ரெண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்றினால் அந்த வரியில் கொன்பிளிக்ட் வரும், அம்புக்குறிகளோடு, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி. வின்டோஸ், லினக்ஸ், போனில் எடிட் பண்ணுகிறவர் எல்லாருக்கும் ஒரே மாதிரி.

வேண்டும்தான் என்றால், விலாசம் ரெப்போவுக்குள்ளேயே முடியட்டும், நிற்கிற இடத்திலிருந்து எழுதப்பட்டதாக இருக்கட்டும். எந்தெந்த இணைப்பு உண்டு என்று ரீட்மீயில் தமிழில் ரெண்டு வரி இருக்கட்டும். மேர்ஜுக்கு முன் பார்க்கிற வேலையை மனிதக் கண்ணிடம் விடவேண்டாம். ‘கிட் டிஃப்’பில் டிஃப்-ஃபில்டர் என்பதற்குப் பெரிய ‘டி’யைக் கொடுத்தால், வகை மாறின பைல்கள் மட்டும் வரும். பட்டியல் வெறுமையாக இருந்தால் நல்லது, ஏதாவது வந்தால் நிறுத்திக் கேளுங்கள். மேர்ஜ் முடிந்த பிறகு லினக்ஸில் ‘ஃபைண்ட்’ கட்டளைக்கு ‘எக்ஸ்டைப் எல்’ என்று கொடுத்தால், எங்கேயும் போகாத இணைப்புகளைப் பட்டியலிடும். இந்த ரெண்டையும் ஒரு சின்ன ஸ்கிரிப்டாக்கி, ஒவ்வொரு மேர்ஜ் வேண்டுகோளுக்கும் தானாக ஓட வைத்தால், ஆரும் ஆரையும் கேள்வி கேட்கத் தேவையில்லை. மெஷின் சொல்லும், அதுக்கு முகம் கோணாது.

உடைந்ததைத் திருத்துவதற்கும் லினக்ஸ் வேண்டும் என்றில்லை. சிம்லிங்க் சரியாக இருந்த கடைசிக் கொமிட்டிலிருந்து அந்த ஒரு பைலை மட்டும் ‘கிட் செக்அவுட்’டால் எடுத்தால், விலாசமும் 120000உம் சேர்ந்தே திரும்பி வரும், வின்டோஸில் இருந்து செய்தாலும். வேறு இடத்துக்குத் திருப்பவேண்டும் என்றால் அந்த ஒற்றை வரியை மாற்றலாம், கடைசியில் என்டர் தட்டாமல். உடைத்ததாகச் சொல்லப்படுகிற ஆளையே பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள், அஞ்சு நிமிஷ வேலை. கொமிட் செய்தியில் ஆரின்ர பெயரும் வேண்டாம். “120000 திரும்ப வந்தது” எண்டு எழுதினால் போதும்.